கியர்பாக்ஸ் பக்கத்து மஞ்சள்

வண்டி முடிஞ்ச மாதிரிதானுங்க தம்பி. பெயிண்ட் வைக்கறது ஒண்ணுதான் பாக்கி. சித்த உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், அதுல ஆயில் கெடக்குது. இந்தச் சேர்ல உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன், வந்துரும்.

நம்பரப் பாத்தனுங்க. எழுபது. ஓசூர் வண்டிதானுங்களே? காத்தால நீங்க கேட்டுக்குள்ள திருப்பும்போதே பாத்துட்டேன். மவுண்ட் மாத்தறதுக்கு ஓசூர்ல இருந்து கோயமுத்தூருக்கு எதுக்கு வரோணும்னு நெனச்சேன். அப்பறந்தான் மாமியார் ஊடு இங்க சௌரிபாளையம்னு சொன்னீங்க. அது சரீங்க, மாமியார் ஊட்டுக்கு வந்த எடத்துல ஒரு சோலியும் முடிஞ்சுது.

வந்ததும் என்ன கேட்டீங்க? கியர் போட்டா கொழகொழன்னு இருக்குது, கியர்பாக்ஸ் மவுண்ட மட்டும் கெட்டியா மாத்திக் குடுங்க, இன்ஜினுக்குக் கம்பெனி ரப்பரே இருக்கட்டும், அதையும் மாத்துனா உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு அதிரும், ஊட்டுக்காரி திட்டுவான்னு கேட்டீங்க. நான் முடியாதுன்னுட்டேன். போட்டா எல்லாத்தையும் போடறேன், இல்லாட்டி வண்டிய எடுத்துட்டுப் போயிருங்கன்னு சொன்னேன். உங்க மூஞ்சி சுருங்கிப் போச்சு. இந்தாளு வேலைய இழுத்து விடறான்னு நெனச்சிருப்பீங்க. நெனச்சாலும் தப்பில்லீங்க, என் பேச்சு அப்படி.

காரணம் இல்லாமச் சொல்லலீங்க. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒண்ணோட ஒண்ணு போல்ட் போட்டுச் சேந்தது. ரெண்டும் ஒரே ஒடம்புதான். முன்னாடி இன்ஜினுக்கு ரெண்டு பக்கமும் ரப்பர், பின்னாடி கியர்பாக்ஸுக்கு அடியில ஒரு ரப்பர். வண்டியோட சேத்துத் தாங்கற இந்த ரப்பருகதான் மவுண்ட்டு. இந்த மாதிரி வேகமான வண்டியில ஆக்சிலேட்டர ஒரு மிதி மிதிச்சா இன்ஜின் ஒரு பக்கமா எந்திரிக்கும். பின்னாடி மட்டும் இறுக்குனா காது தாங்காதுங்க. முன்னாடி ரப்பர் ஆடும். ஆடற வேகமெல்லாம் பின்னாடி வந்து நிக்கும். காதுன்னா, கியர்பாக்ஸ் பொட்டியில மவுண்ட் புடிக்கறதுக்குன்னு அலுமினியத்துல நீட்டிக்கிட்டு இருக்குமே, அது. அது ஒடிஞ்சா பொட்டியே போச்சு. இதெல்லாம் என் அனுபவத்துல சொல்றதுங்க.

டீ வந்துருச்சு, எடுத்துக்குங்க. சக்கர கம்மியா இருந்தாச் சொல்லுங்க.

அந்த ரெண்டு டப்பாவத்தான் பாக்கறீங்களா? ஒண்ணு செவப்பு, ஒண்ணு மஞ்சள். எங்க பட்டறை வழக்கமுங்க அது. போல்ட்ட டைட் பண்ணி முடிச்சதும் போல்ட் தலையில இருந்து பாடி வரைக்கும் பெயிண்ட்டுல ஒரு கோடு இழுத்து விடுவோம். போல்ட் லூஸாச்சுன்னா கோடு ரெண்டாப் பிரிஞ்சு நிக்கும். பாத்ததும் தெரிஞ்சுரும். இது எல்லாப் பட்டறையிலயும் இருக்கறதுதான். எங்குளுக்கு மட்டும் ரெண்டு கலர். டைட் பண்ணுனவன் எவனோ அவன் கலர் வைக்கோணும். செவப்பு நானு. மஞ்சள் சுந்தரம்.

சுந்தரம் எம் மச்சினன். எங்கூட்டுக்காரி தங்கமணிக்குக் கூடப் பொறந்த ஒரே தம்பி. மோகனசுந்தரம்னு முழுப்பேரு. ஒண்டிப்புதூர்ப் பக்கம் ஒரு மில்லுல மெசின் பாத்துக்கிட்டு இருந்தான். மில்ல மூடுனதும் நாந்தான் இங்க வாடான்னு கூப்பிட்டேன். அப்பவே அவனுக்குக் கல்யாணமாயி ஒரு பையன் இருந்தான். வேல தெரிஞ்சவனுங்க, நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். நூல் மில்லுல அத்தன மெசினும் ஒண்ணா ஓடயில எந்த மெசின் எடக்குப் பண்ணுதுன்னு தரையில கை வெச்சுக் கண்டுபுடிச்ச ஆளு. இங்க வந்தும் அதே பழக்கம். ட்ரையல் போகயில நான் ஓட்டுவேன், அவன் பக்கத்துல உக்காந்து கியர் கம்பி மேல உள்ளங்கைய வெச்சுக்கிட்டு வருவான். ஒண்ணும் பேச மாட்டான். திரும்பி வந்து எறங்கும்போது, மாமா, இடது பக்க மவுண்ட ஒருக்காப் பாத்துரலாமுங்கன்னு சொல்லுவான். பாத்தா அங்கதான் இருக்கும்.

நான் முன்னாடி, அவன் பின்னாடி. இன்ஜின், கஸ்டமர், கணக்கு வழக்கு எல்லாம் நானு. கியர்பாக்ஸ், அடி வேல எல்லாம் அவன். நல்லாப் போச்சுங்க. எனக்குக் கொஞ்சம் கோவம் வரும். மனசுல இருக்கறது வாயில வந்துரும், நான் உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு வெக்கற ஆளில்ல. தொழில்னா அப்படித்தான் இருக்கோணும். ஒருக்கா லேத்து பட்டறைக் கிட்டுசாமி புஷ் அளவத் தப்பாக் கடஞ்சு அனுப்பிட்டான். அவன் பட்டறையிலயே போயி, அத்தன பேருக்கு முன்னாடி, கண்ண வாடகைக்கு விட்டுட்டுக் கடையறயான்னு கேட்டுட்டேன். மத்த நாளு அதே கிட்டுசாமி புது புஷ் கடஞ்சு அவனே கொண்டாந்து குடுத்துட்டு, டீ குடிச்சுட்டுப் போறான். ஆளுகள எப்படி வெச்சுக்கோணும்னு எனக்குத் தெரியுமுங்க.

அப்பறந்தான் தெரிஞ்சுது, நான் பேசுன அன்னைக்கே பொழுதோட சுந்தரம் கிட்டுசாமி ஊட்டுக்குப் போயிருக்கறான். புள்ளைகளுக்கு மிக்சர் பொட்டலம் வாங்கிட்டு. எல்லா எடத்துக்கும் அவன் இப்படிப் போவான். நான் எவனையாவது பேசிட்டா, பின்னாடியே அவன் போயி நிப்பான். கஸ்டமர் ஊடு, பெயிண்ட் கடை, எங்கண்ணன் ஊடு வரைக்கும். நான் போகச் சொன்னதில்லீங்க. அவனுக்கு அதுல ஒரு சந்தோசம் போலன்னு விட்டுட்டேன். எனக்கும் தங்கமணிக்கும் சண்டை, ஓரியாட்டம் வந்தாக்கூட, ஏதோ சாக்குச் சொல்லி வந்து உக்காந்துக்குவான். அக்கா, பசிக்குதுன்னுவான். அவ எந்திரிச்சு தோச ஊத்துவா. அப்படியே அது முடிஞ்சுரும். நான் இது வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மன்னிச்சுக்குங்கன்னு கேட்டதில்ல தம்பி. கேக்கற மாதிரி ஒரு நெலம வந்ததே இல்ல.

போன மார்கழியில வந்துச்சு அந்த வண்டி. நிரஞ்சன்னு ஒரு பையன், அவிய அப்பாவுக்கு ரெண்டு மில்லு. ஜப்பான் வண்டி, ரெண்டு கதவு, உங்க வண்டிய விடக் கொஞ்சம் பெருசு. ஞாயித்துக்கெழம செட்டிபாளையம் ட்ராக்குல சிநேகிதகாரங்களோட ஓட்டப் போறேன், அதுக்குள்ள கியர் டக்குடக்குன்னு விழுகற மாதிரிப் பண்ணிக் குடுங்கன்னான். கெட்டி மவுண்ட் இங்க கணபதி ஏரியாவுல ஒருத்தர்கிட்ட வார்த்து வாங்கறது. கியர்பாக்ஸ் மவுண்ட் அச்சு எங்ககிட்ட இருந்துச்சு, அது தயார். இன்ஜினுக்கு அச்சே இல்ல, புதுசாப் பண்ணோணும், அது ஞாயித்துக்கெழமைக்குள்ள வராது. சரி, இருக்கறதப் போட்டு அனுப்பலாம், மத்தத அப்பறம் பாத்துக்கலாம்னு நான் சொன்னேன். கஸ்டமர் அவசரமுன்னு ஒண்ணு இருக்குதுங்களே.

அப்பத்தான் சுந்தரம் சொன்னான். அந்தா, அந்தக் கம்பத்துக்கிட்ட டீ டம்ளரோட நின்னுக்கிட்டு இருந்தான்.

"மாமா, பின்னாடி மட்டும் இறுக்குனா காது தாங்காதுங்க. முன்னாடி ரப்பர் ஆடும். ஆடற வேகமெல்லாம் பின்னாடி வந்து நிக்கும். அந்தத் தம்பிகிட்ட நான் பேசறேன், ஒரு வாரம் பொறுத்து எல்லாத்தையும் சேத்துப் போட்டுக் குடுத்துரலாமுங்க."

நான் சொல்றத நீ கேக்கறயா, நீ சொல்றத நான் கேக்கோணுமான்னு கேட்டேன். அவ்வளவுதான். டம்ளரக் கழுவி வெச்சுட்டு, பலகையில படுத்து வண்டிக்கு அடியில போயிட்டான். போட்டு முடிச்சான். மஞ்சக் கோடு இழுத்தான். அவன் கோடு பாத்திருக்கோணும் நீங்க, கண்ணுக்கு மை வெச்ச மாதிரி அத்தன மெல்லிசா, நேரா இருக்கும்.

இங்கதான் எனக்கு ஆத்தாமை தம்பி. நீங்களே சொல்லுங்க. ஒரு மனுசனுக்கு ஒரு விசயம் நிச்சயமாத் தெரியுதுன்னு வெச்சுக்குங்க. அத எப்படிச் சொல்லோணும்? டீ டம்ளரக் கையில வெச்சுக்கிட்டு, ஊட்டுல உப்பு இல்லைன்னு சொல்ற மாதிரி ஒருக்காச் சொல்லிட்டுப் போறதா? மறுக்காச் சொல்லோணுமில்ல? சத்தம் போட்டிருக்கோணும். ஸ்பேனரக் கீழ போட்டுட்டு, நான் பண்ண மாட்டேன்னு நின்னிருக்கோணும். நின்னிருந்தா நான் கேட்டிருப்பேன். கேட்டிருப்பேனுங்க. கேக்காம என்ன.

ஞாயித்துக்கெழம நாங்களும் ட்ராக்குக்குப் போனோம். நல்ல கூட்டம். பையனோட சிநேகிதகாரங்க, அவிய வண்டிங்க, அவிய அப்பா கூடக் குடை புடிச்சுக்கிட்டு வந்து நின்னாரு. மொதல்ல நல்லாத்தான் போச்சு. கியர் அருமையா விழுகுதுண்ணான்னு கையக் காட்டிட்டுப் போனான் பையன். எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. சுந்தரம் மட்டும் வேலிக்கிட்டப் போயி வெறும் தரையப் பாத்துக்கிட்டு நின்னான். வண்டிச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருந்தானாட்டம் இருக்குது. அப்பறம் பையன் ஒரு வளைவுல இருந்து வெளிய வந்து மிதிச்சான் பாருங்க, டொக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவு தூரத்துல இருந்து எங்களுக்கே கேட்டுச்சு. வண்டி ஓரமா நின்னு போச்சு, அடியில ஆயில் ஓடுது.

கட்டி இழுத்துட்டு வந்து ஜாக்கி போட்டுத் தூக்குனோம். காது ஒடிஞ்சு, வெடிப்பு பொட்டி வரைக்கும் போயிருச்சு. அத்தன பேரும் சுத்தி நிக்கறாங்க. பையனோட அப்பா கேக்கறாரு, நாச்சிமுத்து, உங்க பட்டறைய நம்பித்தானே குடுத்தோம்னு. எம் பேரச் சொல்லிக் கேக்கறாருங்க. இத்தன வருசத் தொழில்ல எம் பேரு ஒரு எடத்துலயும் கெட்டதில்ல. நான் என்ன பண்ணட்டும்? உள்ள கைய விட்டு, டார்ச் அடிச்சுக் காட்டுனேன்.

"இங்க பாருங்க சார், மஞ்சப் பெயிண்ட். இது என் வேலை இல்லீங்க. இவன் போட்டது."

பொய் இல்லீங்களே. மஞ்சள்தான் இருந்துச்சு. டைட் பண்ணுனவன் அவன்தான். வழக்கம்னு ஒண்ணு வெச்சிருக்கறது எதுக்கு? எல்லாரும் திரும்பி அவனப் பாத்தாங்க. அவன் என்னப் பாத்தான். கோவமாப் பாத்திருந்தாப் பரவால்ல. ஏதோ முன்னப்பின்ன தெரியாத ஆளப் பாக்கற மாதிரி ஒரு நிமிசம் பாத்தான். அப்பறம் அவிய பக்கம் திரும்பி, ஆமாங்க சார், நாந்தானுங்க டைட் பண்ணுனேன்னான். பையன் என்னென்னமோ பேசுனான், சின்னப் பையன், வயசுக்கு மீறி வாய். சுந்தரம் கேட்டுக்கிட்டு நின்னான். அன்னைக்கு அவனுக்காகப் போயி மிக்சர் பொட்டலம் குடுக்கறதுக்கு ஆளில்ல பாருங்க.

அதுக்கப்பறமும் அவன் வேலைய விட்டுட்டு ஓடல. அதச் சொல்லோணும். கியர்பாக்ஸ எறக்குனான், பொட்டிய வெல்டிங் வெச்சுக் கூடவே உக்காந்து பாத்தான், இன்ஜின் மவுண்ட் அச்சு பண்ணி வாங்கியாந்தான், எல்லாத்தையும் ஒரே கெட்டியாப் போட்டு, வண்டி எப்படி இருக்கோணுமோ அப்படிப் பண்ணி முடிச்சான். ட்ரையலுக்கு நான் கூப்பிட்டேன். நீங்களே போயிட்டு வாங்க மாமான்னான். போயிட்டு வந்தேன். பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சு. கியர் கம்பி மேல யார் கையும் இல்ல. நல்லா இருக்குதா இல்லையான்னு எனக்கே சொல்லத் தெரியல. வந்து நல்லா இருக்குதுன்னு சொன்னேன்.

மத்த நாள்ல இருந்து அவன் வரல. ஸ்பேனரெல்லாம் மண்ணெண்ணையில கழுவி, தொடச்சு, பொட்டியில அடுக்கி வெச்சிருந்தான். மஞ்சப் பெயிண்ட் டப்பாவ மட்டும் வெளிய வெச்சிருந்தான், மூடி இறுக்கமாப் போட்டு. ஒரு சண்டை இல்ல, ஒரு சத்தம் இல்ல. இப்படியா ஒரு மனுசன் போவான்? எம் மேல கோவம்னா வந்து கேட்டிருக்கலாமில்ல? நான் பதில் சொல்லியிருப்பேன்.

போகட்டும், நாலு நாள்ல வந்துருவான்னு இருந்தேன். தைப்பொங்கல் நோம்பிக்கு வருவான்னு இருந்தேன். பாத்தா, குடும்பத்தோட ஊர மாத்திட்டான். தங்கமணிதான் ஃபோன்ல பேசுவா, அடுப்படிக் கதவச் சாத்திக்கிட்டு. என்னடி சொல்றான் உந்தம்பின்னு கேட்டா, நல்லா இருக்கறான்னு மட்டும் சொல்லுவா.

இதுக்கு நடுவுல எம் பொண்ணு கோகிலாவுக்கு எடம் அமைஞ்சு, வைகாசியில கல்யாணம். எங்க பக்கத்துச் சாங்கியம் உங்குளுக்குத் தெரிஞ்சிருக்கும், மாமியார் ஊடு இங்கதானே. பொண்ணுக்குத் தாய்மாமன்தான் எல்லாமே. சாமிக்கு அடுத்தபடி அவனுக்குத்தான் பத்திரிகை. வெத்தல பாக்குத் தட்டோட நேர்ல போயி, குடும்பத்தோட வந்து நடத்திக் குடுங்கன்னு பொண்ணப் பெத்தவன் கூப்பிடோணும். கல்யாணத்தன்னைக்கு அவன் பொண்ணு நெத்தியில பட்டம் கட்டி, கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வரோணும். எங்க கோகிலாவுக்கு அவன் மாமன் மட்டுமில்லீங்க. அவளுக்குக் காரோட்டப் பழக்கி விட்டது அவன்தான். நான் பழக்குனா கத்துவேன்னு, ஞாயித்துக்கெழமையில அவனே கூட்டிட்டுப் போவான்.

தட்டு எடுத்துட்டுப் போகோணும். போகலாம்னுதான் இருந்தேன். மொத நாளு சட்டையெல்லாம் தேச்சு வெச்சாச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க தம்பி. நான் வயசுல மூத்தவன், அவனோட அக்காளக் கட்டுனவன். சொல்லாமக் கொள்ளாமப் போனது அவன். நானாப் போயி அவன் ஊட்டு வாசல்ல தட்டோட நின்னா, அன்னைக்கு ட்ராக்குல தப்பு எம் மேலன்னு ஆயிராதுங்களா? அன்னைக்குன்னு பாத்து ஒரு வண்டி டெலிவரி வேற இருந்துச்சு. தங்கமணியையும் எங்கண்ணனையும் கார் வெச்சுத் தாட்டி விட்டுட்டேன். கார்ல ஏறும்போது அவ ஒருக்காத் திரும்பிப் பாத்தா. வர்றீங்களான்னு கேக்கல. கேட்டிருந்தாக் கூட ஏறியிருப்பேனோ என்னமோ.

அண்ணன் வந்து சொன்னாரு. நல்லாக் கவனிச்சானாம். வாழை எல போட்டு, வடை பாயசத்தோட சாப்பாடு. தட்ட ரெண்டு கையிலயும் வாங்கிக்கிட்டானாம். மாமா வரலீங்களான்னு ஒருக்காக் கேட்டானாம். பட்டறையில வேலை அதிகம்னு அண்ணன் சொன்னாராம். அப்படீங்களான்னு கேட்டுட்டு, கை கழுவத் தண்ணி மோந்து குடுத்தானாம்.

கல்யாணத்துக்கு அவன் சம்சாரம் வந்துச்சு, பையன் வந்தான். மாமன் சீர் ஒரு குறையில்லாம வந்துச்சு. சேலை, பழத்தட்டு, தங்கத்துல பட்டம், எல்லாம் முறையா. அவன் மட்டும் வரல. முகூர்த்த நேரம் நெருங்குது, எல்லாரும் வாசலப் பாக்கறாங்க. நானும் பாத்தேன், என்ன மறைக்கறது. கடைசியில தங்கமணிக்குச் சித்தப்பா பையன் ஒருத்தன் வந்து நின்னான். சுந்தரம் அனுப்புன பட்டத்த அவன் கட்டுனான். அவனுக்குக் கட்டத் தெரியல, கயிறு நழுவி நழுவிப் போச்சு. எம் பொண்ணு தலையக் குனிஞ்சவ நிமிரவே இல்ல. வெக்கத்துல குனிஞ்சிருக்கறான்னு மாப்ள ஊட்டுக்காரங்க நெனச்சுக்கிட்டாங்க. எனக்குத் தெரியும். மேளச் சத்தத்துல அவ தேம்புனது ஒருத்தருக்கும் கேக்கல, அவ்வளவுதான்.

அது எனக்கு ஆறவே இல்லீங்க தம்பி. பட்டத்த அனுப்பத் தெரிஞ்சவனுக்கு அந்தக் கைய அனுப்பத் தெரியாமப் போச்சே. எம் மேல ஆயிரம் இருக்கட்டும். அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு அவனுக்கு?

மண்டபத்துல எல்லாம் காலி பண்ணிக்கிட்டு இருக்கயில தங்கமணி பூவெல்லாம் அள்ளிக் கூடையில போட்டுக்கிட்டு இருந்தா. நான் போயி, பாத்தியா உந்தம்பி பண்ணுன வேலையன்னு கேட்டேன். அவ எப்பவும் பதிலுக்குப் பதில் பேசறவதான். அன்னைக்குச் சத்தமே இல்லாமச் சொன்னா.

"அன்னைக்கு அந்தப் போல்ட்டுல உங்க செவப்பு இருந்திருந்தா, இன்னைக்கு எந்தம்பி இங்க இருந்திருப்பானுங்க."

பொம்பளைகளுக்குப் பட்டறை வெவரம் என்ன தெரியும்? டைட் பண்ணுனவன் கலர வைக்கறது வழக்கம். டைட் பண்ணாத நான் எப்படிச் செவப்பு வைக்கறது? அத விளக்கிச் சொல்லலாம்னு பாத்தேன், அவ கூடைய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அதுல இருந்து எனக்குச் சோறு போடறா, சட்டை துவைக்கறா, கேட்டதுக்குப் பதில் சொல்றா. அதுக்கு மேல பேச்சில்ல. ஓரியாட்டம் வந்தாத்தானே சமாதானம் ஆகறதுக்கு. இப்ப ஓரியாட்டமும் இல்ல. ஊடு அத்தன அமைதியா இருக்குது. கோகிலாவும் புருசன் ஊட்டுல இருந்து அவ அம்மாவுக்குத்தான் கூப்பிடறா.

பட்டறையும் அப்படித்தானுங்க. கிட்டுசாமி இப்ப வர்றதில்ல, புஷ்ஷ ஆள்கிட்டக் குடுத்து விடறான். ரெண்டு மூணு கஸ்டமர் போயிட்டாங்க. ஏன்னு தெரியல. நான் அப்ப எப்படி இருந்தனோ அப்படியேதான் இருக்கறேன்.

இப்ப முன்னாடியும் நானு, பின்னாடியும் நானு. முட்டி வலி, பலகையில படுத்து உள்ள போகவே கஷ்டமா இருக்குது. டைட் பண்ணி முடிச்சுட்டு முன்னாடி போல்ட்டுக்குச் செவப்பு வைப்பேன். கியர்பாக்ஸ் பக்கம் வந்தா மஞ்சளத்தான் தொறக்கறேன். ஏன்னு கேக்காதீங்க. டப்பாவ அப்பப்பத் தொறக்காட்டிப் பெயிண்ட் காஞ்சு போயிரும். நல்ல பெயிண்ட்டு, எதுக்கு வீணாக்கோணும்? கெட்டியாப் போச்சுன்னா கொஞ்சம் தின்னர் ஊத்திக் கலக்கி வெச்சுக்குவேன். அடியில கொஞ்சந்தான் இருக்குது. அதே மஞ்சள் கடையில கெடைக்கும், வாங்க மனசு வரல. யாராவது வண்டிய மேல தூக்கிப் பாத்தா, இந்தப் பட்டறையில ரெண்டு பேரு இருக்கறாங்கன்னு நெனைப்பாங்கல்ல, அது ஒரு கௌரவம் பட்டறைக்கு. அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல.

நீங்க ஓசூர்ல எந்தப் பக்கம்? பாகலூர் ரோடு போற வழியா? அப்படீங்களா.

சரி, டீயக் குடிங்க, ஆறிப் போகுது. நான் போயி பெயிண்ட் வெச்சுட்டு வந்தர்றேன். இல்ல, ஒத்தாசை வேண்டாம். இந்த டார்ச்ச மட்டும் குடுங்க.

முடிஞ்சுதுங்க. ஜாக்கிய எறக்கறதுக்கு முந்தி வந்து குனிஞ்சு பாருங்க. முன்னாடி ரெண்டு பக்கமும் செவப்பு. பின்னாடி, அந்தா காதுக்குப் பக்கத்துல, அங்கயும் செவப்பு. கோடு கொஞ்சம் கோணலாப் போச்சு. படுத்துக்கிட்டு வைக்கறது இன்னும் பழகல. வழிஞ்சதத் தொடச்சுட்டேன்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? தங்கமணி சொன்னாளேன்னு வெச்சதா நெனச்சுக்காதீங்க. உங்க வண்டியில டைட் பண்ணுனது நானு. பண்ணுனவன் கலர். வழக்கம் அதுதானே. மஞ்சள் டப்பா இன்னும் காயல, அந்தா இருக்குது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

ஒரு ஒத்தாசை தம்பி. முடிஞ்சாப் பண்ணுங்க, இல்லாட்டி விட்டுருங்க. அந்தப் பாகலூர் ரோட்டுல, ரயில்வே கேட்டத் தாண்டி ஒரு லாரிப் பட்டறை இருக்குதாம். பேரு தெரியல, தங்கமணி ஃபோன்ல பேசறப்போ காதுல விழுந்தது. அங்க சுந்தரம்னு கேளுங்க. கோயமுத்தூர்ல மவுண்ட் மாத்துனேன், அடியில ஏதோ சத்தம் வர்ற மாதிரி இருக்குதுன்னு சொல்லுங்க. சத்தம் வராது, நல்லாப் பண்ணியிருக்கேன். ஆனாலும் சொல்லுங்க. அவன் வேற ஆள விட மாட்டான். அவனே பலகையப் போட்டுப் படுத்து உள்ள போவான். டார்ச் அடிச்சு, மொதல்ல கியர்பாக்ஸ் காதத்தான் பாப்பான்.

வெளிய வர்றதுக்குக் கொஞ்ச நேரமாகலாம். அவசரப்படுத்தாதீங்க. வந்து மாமாவப் பத்தி ஏதாவது கேட்டான்னா, நல்லா இருக்கறாருன்னு சொல்லுங்க, முட்டி வலியெல்லாம் சொல்ல வேண்டாம். ஒண்ணும் கேக்கலைன்னா, நீங்களா எதுவும் பேச வேண்டாமுங்க. அவன் பாத்தாச் செரி.